லாரி இன்ஜின் ஹெட்டை வீட்டில் புதுப்பிக்க ஒரு கைக்கட்டர் பெட்டி: மதிப்புரை

லாரி இன்ஜினின் ஹெட்டை (சிலிண்டர்களை மேலிருந்து மூடும், வால்வுகள் அமைந்த பாகம்) இறக்கினால் அதை லேத் பட்டறைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பதுதான் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் வழக்கம். எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) காட்டும் நேரத்திலும் ஆயுத பூஜைக்கு முன்பும் பட்டறை வாசலில் ஹெட்டுகள் வரிசையாகக் கிடக்கும். நம் ஹெட்டின் முறை வரும்வரை வண்டி நிற்கும். வண்டி நிற்கிறது என்பதற்காகத் தவணை நிற்பதில்லை. இந்தக் காத்திருப்பைக் குறைக்கலாம் என்று கருதித்தான், வால்வு சீட்டை, அதாவது வால்வு மூடும்போது வந்து அமரும் வளையத்தை, கையாலேயே வெட்டிச் சீராக்கும் கட்டர் பெட்டி ஒன்றை வாங்கினேன். டாடா 2515 லாரியில் உள்ள ஆறு சிலிண்டர் கம்மின்ஸ் இன்ஜினின் ஹெட்டில், பன்னிரண்டில் பத்து சீட்டுகளில் அதைக் கொண்டே வேலை செய்து, ஹெட்டை மீண்டும் ஏற்றி, வண்டி பாரத்துடன் ஓடத் தொடங்கிய பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

பெட்டி வாங்கத் தகுந்ததுதான். ஆனால் விற்பனையாளர்கள் இதைப் புகழும் விதம் லாரிக்காரருக்குப் பொருந்தாது. “நொடியில் வெட்டும்”, “கல் வைத்துத் தேய்ப்பதைவிடப் பல மடங்கு வேகம்” என்றெல்லாம் எழுதுகிறார்கள். டீசல் ஹெட்டில் வேகமாக வெட்டும் கட்டரால் ஆதாயம் இல்லை. சீட்டைச் சீராக்க எவ்வளவு குறைந்த இரும்பை எடுத்தால் போதுமோ அவ்வளவோடு நிற்கும் கட்டர்தான் நமக்கு வேண்டும். நான் இந்தப் பெட்டியை அந்த ஒரு அளவுகோலைக் கொண்டே மதிப்பிடுகிறேன். அதன் காரணத்தை விளக்க, முதலில் இன்ஜினைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும்.

டாடா 1613, 2515 ஆகிய லாரிகளில் வந்த கம்மின்ஸ் 6பிடி இன்ஜின் 102 மி.மீ. போரும் (சிலிண்டரின் விட்டம்) 120 மி.மீ. ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் நகரும் தூரம்) கொண்ட 5.9 லிட்டர் இன்ஜின். ஆறு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே வார்ப்பிரும்பு ஹெட். சிலிண்டருக்குக் காற்றை உள்ளே விடும் ஓர் இன்டேக், புகையை வெளியே விடும் ஓர் எக்சாஸ்ட் என மொத்தம் பன்னிரண்டு வால்வுகள். ஹெட்டின் அடிப்பரப்பு தட்டையானது; எரியறைக் குழி பிஸ்டனின் தலையில்தான் இருக்கிறது. பிஸ்டன் மேலே வரும்போது அதற்கும் ஹெட்டுக்கும் இடையே மிகச் சிறிய இடமே மிஞ்சுவதால், வால்வின் தட்டு ஹெட்டின் பரப்பைவிடச் சற்று உள்ளே பதிந்திருக்க வேண்டும். அந்தப் பதிவு 0.99 மி.மீ. முதல் 1.52 மி.மீ. வரை இருக்கலாம் என்பது சர்வீஸ் கையேட்டின் கணக்கு. அதாவது, புதிய ஹெட்டுக்கும் கழித்துப் போட வேண்டிய ஹெட்டுக்கும் இடையே ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான் இருக்கிறது. வால்வு இதற்கு மேல் உள்ளே போனால் எரியறையின் கொள்ளளவு கூடிக் கம்ப்ரஷன் குறையும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது வெண்புகை தள்ளும். பதிவு 0.99 மி.மீ.க்கும் குறைந்தால் வால்வு பிஸ்டனைத் தொடும் அபாயம் உண்டு.

கட்டரின் ஒவ்வொரு சுற்றும் இந்த அரை மில்லிமீட்டரிலிருந்துதான் செலவாகிறது. எக்சாஸ்ட் சீட்டின் கோணம் 45 பாகை என்பதால், சீட்டின் முகத்தில் 0.10 மி.மீ. எடுத்தால் வால்வு 0.14 மி.மீ. கீழே இறங்கும், 30 பாகை கொண்ட இன்டேக் சீட்டில் அதே அளவுக்கு 0.115 மி.மீ. இறங்கும். முன்பே ஒருமுறை பட்டறையில் தாராளமாக வெட்டப்பட்ட ஹெட் என்றால், இன்னொரு முறை வெட்ட அதில் இடமே இருக்காது. பழைய ஹெட்டை விலைக்கு வாங்குவோர் விரிசலைத் தேடுகிற அளவுக்கு இந்தப் பதிவை அளந்து பார்ப்பதில்லை என்பது எனக்கு எப்போதும் வியப்பளிப்பது.

இனி பெட்டிக்கு வருகிறேன். தயாரிப்பாளரின் பெயர் எதுவும் பொறிக்கப்படாத, இணையக் கடைகளிலும் பெருநகரக் கருவிக் கடைகளிலும் பலவிதப் பெயர்களில் விற்கப்படும் வகை இது. விலை, லாரி டயர் ஒன்றின் விலையில் பாதிக்கும் கீழே. உள்ளே வெவ்வேறு விட்டமுள்ள கட்டர் தலைகள், ஒவ்வொன்றிலும் திருகாணியால் இறுக்கிய கார்பைடு பிளேடுகள், 7 முதல் 9 மி.மீ. வரையிலான பைலட் கம்பிகள், டி வடிவக் கைப்பிடி, பிளேடை நகர்த்த உதவும் எல் சாவி ஆகியவை நுரைப் பள்ளங்களில் பொதிந்து வருகின்றன. கூடவே, வால்வை ஒட்டிச் சுழற்றும் ரப்பர் கிண்ணக் குச்சியும், கொரகொரப்பு, நைஸ் என இரண்டு டப்பா கிரைண்டிங் பேஸ்டும், சி வடிவ ஸ்பிரிங் கிளாம்ப் ஒன்றும் இருந்தன. கோணங்களில் 30, 45, 60 மூன்றும் உண்டு. 15 பாகைத் தலை எனக்கு வந்த பெட்டியில் இல்லை. அதைத் தனியே கேட்டு வாங்க வேண்டியிருந்தது. லாரி ஹெட்டுக்கு வாங்குவோர் இதை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது, ஏனெனில் இன்டேக் சீட்டின் மேல் விளிம்பைக் குறைக்க 15 பாகை இன்றி வேலை நடக்காது.

பெட்டியின் உயிர் பைலட் கம்பியில் இருக்கிறது. அது வால்வு கைடின் (வால்வின் தண்டு ஏறியிறங்கும் வழி) துளைக்குள் நுழைந்து இறுகி நிற்க, கட்டர் தலை அதன்மேல் அமர்ந்து சுழல்கிறது. ஆகவே, கைடின் மையம் எதுவோ அதுவே சீட்டின் மையம். கைடு தேய்ந்து வாய் அகன்றிருந்தால் பைலட் சாய்வாக நிற்கும். சாய்ந்த பைலட்டில் எவ்வளவு நல்ல கட்டரை வைத்தாலும் சீட் ஒருபக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மேலோட்டமாகவும்தான் வெட்டுப்படும். 8 மி.மீ. தண்டுள்ள இந்த வால்வுகளுக்குப் பெட்டியில் பெயரளவு 8 மி.மீ. பைலட்டுடன், நூற்றில் சில பங்கு மில்லிமீட்டர் கூடுதலான இரண்டு பைலட்டுகளும் இருக்கின்றன. அவற்றின் மீது அளவு பொறிக்கப்பட்டிருந்தாலும் அந்த எண்ணை நம்பாமல் மைக்ரோமீட்டரால் அளந்தேன். ஒன்றைத் தவிர மற்றவை சரியாகவே இருந்தன. அந்த ஒன்றும் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் தடித்திருந்ததே தவிர, வளைவு எதிலும் இல்லை. இந்த விலைக்கு இது எதிர்பாராத தரம்.

சீட்டை வெட்டத் தொடங்கும் முன் பைலட்டை ஒரு சோதனைக் கருவியாகப் பயன்படுத்தலாம் என்பது இந்தப் பெட்டியில் எனக்குக் கிடைத்த முதல் நன்மை. கைடில் பைலட்டை நிறுத்தி, அதன் மேற்பகுதியில் டயல் கேஜின் முனையை வைத்து மெல்ல அசைத்துப் பார்த்தால் எந்தக் கைடு தளர்ந்திருக்கிறது என்று உடனே தெரிந்துவிடுகிறது. இந்த ஹெட்டில் பின்பக்க எக்சாஸ்ட் கைடுகள் இரண்டில் ஆட்டம் தெரிந்தது. வார்ப்பிலேயே துளையிட்ட கைடுள்ள ஹெட்டும் உண்டு, தனியே குழாய் அடித்த ஹெட்டும் உண்டு. எதுவாக இருந்தாலும் கைடு மாற்றுவதும் ரீமரால் துளையை அளவாக்குவதும் வீட்டில் செய்யத்தக்க வேலை என்று நான் கருதவில்லை. பெட்டியோடு வரும் துண்டுக் காகிதத்தில் கைடைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பது பெரிய குறை. கைடைச் சரிபார்க்காமல் கட்டரைச் சுற்றச் சொல்வது, வாங்குபவரின் ஹெட்டைக் கெடுக்கக் கற்றுக்கொடுப்பதாகும்.

வெட்டும் அனுபவம் இன்டேக்கிலும் எக்சாஸ்டிலும் வேறுபட்டது. இன்டேக் சீட்டுகள் மென்மையாக வெட்டுப்பட்டன. கைப்பிடியின் மேல் கையின் எடையை மட்டும் வைத்து, வலப்பக்கமாகச் சீராக இரண்டு மூன்று சுற்று சுற்றியதும் பழைய சீட்டின் கருப்பு மறைந்து சாம்பல் நிற வளையம் முழுமையாகத் தெரிந்தது. அங்கேயே நிறுத்திவிட வேண்டும். எக்சாஸ்ட் சீட்டுகள் வெப்பத்திலும் அடியிலும் இறுகிக் கண்ணாடிபோல் பளபளக்கும்; கட்டரை நேராக வைத்தால் பிளேடு வழுக்கிக்கொண்டே போகும், அழுத்தினால் திடீரென்று கடித்து ஆழமாக இறங்கிவிடும். இதற்குப் பழைய மெக்கானிக்குகளின் வழி, கட்டருக்கும் சீட்டுக்கும் இடையே எமரித் துணித் துண்டை வைத்து ஒரு சுற்று சுற்றிப் பளபளப்பை எடுத்துவிட்டுப் பிறகு வெட்டுவது. அப்படிச் செய்ததும் கார்பைடு பிளேடு எக்சாஸ்ட் சீட்டையும் தயக்கமின்றி எடுத்தது. இடப்பக்கமாக ஒருபோதும் திருப்பக்கூடாது. கார்பைடின் விளிம்பு உதிர்ந்துவிடும்.

முதல் சில சீட்டுகளில் அலை விழுந்தது. வளையத்தின் மீது நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்கு ஒழுங்கான மேடுபள்ளங்கள். காரணம், தலையில் உள்ள பிளேடுகள் எல்லாம் ஒரே இடைவெளியில் அமைந்திருப்பது. ஒரு பிளேடு விட்ட பள்ளத்தில் அடுத்த பிளேடு வந்து விழுவதால் அதிர்வு தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது. விலை உயர்ந்த கட்டர்களில் பிளேடுகளின் இடைவெளியைச் சமமின்றி அமைப்பது இதைத் தவிர்க்கத்தான். இந்தப் பெட்டியில் அந்த வசதி இல்லாததால், அழுத்தத்தைக் குறைத்தும், சுற்றும் வேகத்தை நடுநடுவே மாற்றியும், கைப்பிடியை ஒரே கையால் பிடிக்காமல் இரு கைகளாலும் நடுவிலிருந்து பிடித்தும் சமாளிக்க வேண்டியிருக்கிறது. அலையைப் போக்க இன்னும் வெட்டலாம் என்ற ஆசைதான் ஆபத்தானது; அலையைப் போக்குவதற்காக எடுக்கும் ஒவ்வொரு சுற்றும் முன்பு சொன்ன அரை மில்லிமீட்டரைத் தின்கிறது. லேசான அலையைப் பேஸ்டால் தேய்த்து அகற்றிவிடலாம்.

சீட்டின் அகலம் 1.5 மி.மீ. முதல் 2 மி.மீ. வரை இருக்க வேண்டும். 45 பாகையில் வெட்டி முடித்த எக்சாஸ்ட் சீட் அதைவிட அகலமாகவே வரும். மேல் விளிம்பை 30 பாகைத் தலையாலும் உள் விளிம்பை 60 பாகைத் தலையாலும் ஓரிரு சுற்று தொட்டால் வளையம் ஒடுங்கி, வால்வு முகத்தின் நடுவில் வந்து அமரும். எங்கே அமர்கிறது என்று பார்க்க, வால்வு முகத்தில் நீல மையை மெல்லியதாகப் பூசி, வால்வை இறக்கிக் கால் சுற்றுக்கும் குறைவாக அசைத்து எடுத்தேன். நீலக் கோடு முறியாமல் வட்டமாக விழுந்தால் பைலட் நேராக நின்றது என்று பொருள். பன்னிரண்டில் பத்து சீட்டுகளில் கோடு முழுமையாக விழுந்தது. மீதி இரண்டும் ஆட்டமுள்ள கைடுகளுக்கு உரியவை. அவற்றை நான் வெட்டவே இல்லை. பார்ப்பதற்காகப் பழைய சீட்டிலேயே மை வைத்தேன். அவற்றின் கதை பின்னால் வருகிறது.

ரப்பர் கிண்ணக் குச்சியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கிண்ணம் இரண்டாவது வால்விலேயே பிடியை விட்டது; உள்ளூர் உதிரிபாகக் கடையில் கிடைக்கும் குச்சி இதைவிட மேல். பேஸ்ட் டப்பாக்களில் நைஸ் வகை நன்றாக இருந்தது. கொரகொரப்பு வகையைத் திறக்கவே வேண்டியதில்லை. கட்டரால் சரியாக வெட்டிய சீட்டுக்கு நைஸ் பேஸ்டில் சில நிமிடத் தேய்ப்பு போதும், சாம்பல் வளையம் இருபுறமும் ஒன்றுபோல் மங்கலாகத் தெரிந்தால் முடிந்தது. மணிக்கணக்கில் பேஸ்டை வைத்துத் தேய்த்தே ஹெட்டைச் சரிசெய்யும் பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. அதில் சீட்டோடு வால்வு முகமும் குழிந்துபோகிறது என்பதையும், பேஸ்டின் துகள் வார்ப்பிரும்பின் நுண்துளைகளில் புதைந்து பிறகு கைடைத் தேய்க்கிறது என்பதையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தேய்த்து முடித்ததும் மண்ணெண்ணெயில் கழுவி, பிறகு சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டு அலசி, காற்றடித்து உலர்த்தி, உடனே எண்ணெய் தடவிவிட வேண்டும்.

வால்வுகளைப் பற்றியும் ஒரு சொல். வால்வு முகத்தை அரைக்கும் இயந்திரம் வீட்டில் இருக்காது, பெட்டியிலும் அதற்கு வழியில்லை. எக்சாஸ்ட் வால்வுகளின் தட்டின் விளிம்புத் தடிமன் குறைந்தபட்சம் 0.79 மி.மீ. இருக்க வேண்டும் என்கிறது கையேடு. பழையவற்றில் சில அந்த வரம்பை எட்டியிருந்ததால் எக்சாஸ்ட் வால்வுகள் ஆறையும் புதிதாகவே போட்டேன். வால்வு புதிது, சீட் புதிதாக வெட்டியது என்றால் பேஸ்டின் வேலை இன்னும் குறைகிறது.

எல்லா வால்வுகளையும் ஸ்பிரிங்குடன் பூட்டியபின் ஹெட்டைப் பக்கவாட்டில் நிறுத்தி, போர்ட் வாய்களில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்துப் பார்த்தேன். கட்டர் போட்ட பத்தில் ஒன்றில்கூடக் கசிவு இல்லை. பெட்டிக்கு நான் தரும் முதன்மையான மதிப்பெண் இதற்குத்தான். பதிவு அளவில் வந்த மாற்றமோ இன்னும் மகிழ்ச்சி தருவது: புதிய வால்வை இறக்கி வெட்டுவதற்கு முன்னும் பின்னும் அளந்ததில், எக்சாஸ்ட் பக்கத்தில் மிகுதியாக இறங்கிய வால்வே 0.12 மி.மீ.தான் இறங்கியிருந்தது. கல் வைத்து அரைக்கும் பட்டறைகளில் இதைவிடக் கூடுதலாக எடுப்பதை நேரில் பார்த்திருக்கிறேன், பாதி நேரம் அங்கே அதை அளப்பதே இல்லை.

சி வடிவ ஸ்பிரிங் கிளாம்ப் பெட்டியின் மோசமான உறுப்பு. அது காருக்கு அளவானது. லாரி ஸ்பிரிங்கை அழுத்தும்போது தாடை நழுவி, ஸ்பிரிங்கை வால்வுத் தண்டோடு பிடிக்கும் சிறு லாக் தெறிக்கிறது. கண்ணாடி அணியாமல் இந்த வேலையில் இறங்கக்கூடாது. ஹெட்டை மரக்கட்டைமேல் வைத்து, வால்வின் அடியில் கட்டை முட்டுக்கொடுத்து, மேலிருந்து நெம்புகோல் வகை அழுத்தியால் ஸ்பிரிங்கை அமுக்குவதே பாதுகாப்பானது. பூட்டிய பிறகு ஒவ்வொரு தண்டின் தலையிலும் பிளாஸ்டிக் சுத்தியலால் ஒரு தட்டு தட்டிவிட்டால் லாக் சரியாக உட்கார்ந்ததா என்பது தெரிந்துவிடும். ஹெட்டே ஐம்பது கிலோவுக்கு மேல் கனக்கும் என்பதையும் மறக்கக்கூடாது. இரண்டு பேர் அல்லது செயின் புல்லி இன்றி அதைத் திருப்பிப் போட முயல்வது இடுப்புக்குக் கேடு.

இப்போது, பெட்டியால் ஆகாத வேலைகள். முதலாவது விரிசல். இந்த ஹெட்டுகளில் இரு வால்வு சீட்டுகளுக்கு இடையிலும் இன்ஜெக்டர் துளையை ஒட்டியும் விரிசல் விழுவது வழக்கம். சுத்தம் செய்யும் திரவம், சிவப்புச் சாயம், வெள்ளைப் பூச்சு என மூன்று ஸ்பிரே டப்பாக்களாக வரும் சாயச் சோதனையை வீட்டிலேயே செய்யலாம்: சாயத்தை அடித்துப் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டு, துடைத்து, வெள்ளையை அடித்தால் விரிசல் உள்ள இடத்தில் சிவப்புக் கோடு ஊறி எழும். கட்டர் பெட்டியின் விலையோடு ஒப்பிட்டால் இது சிறு செலவு. கட்டரைத் தொடும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும், இல்லையேல் உடைந்த ஹெட்டில் நாள் முழுதும் உழைத்த கதையாகிவிடும். ஆனால் தண்ணீர்ப் பாதைக்குள் ஒளிந்திருக்கும் விரிசலைச் சாயம் காட்டாது. அதற்குத் தண்ணீர் வழிகளை அடைத்து, அழுத்தம் கொடுத்துப் பார்க்கும் பட்டறைச் சோதனைதான் வேண்டும். ரேடியேட்டரில் குமிழி வந்ததால் இறக்கிய ஹெட் என்றால் இந்தச் சோதனையை விடவே கூடாது.

இரண்டாவது ஃபேசிங், அதாவது ஹெட்டின் அடிப்பரப்பை இயந்திரத்தில் சமமாக்குவது. ஹெட்டின் அடிப்பரப்பு குறுக்குவாட்டில் 0.076 மி.மீ.க்கும் நீளவாட்டில் 0.305 மி.மீ.க்கும் மேல் வளைந்திருக்கக்கூடாது. ஸ்ட்ரெய்ட் எட்ஜும் ஃபீலர் கேஜும் இருந்தால் வளைவை வீட்டில் அளந்துவிடலாம், சரிசெய்ய முடியாது. கண்ணாடிப் பலகையில் எமரித் தாளை ஒட்டி அதன்மேல் ஹெட்டை இழுத்துத் தேய்க்கும் முறை மோட்டார் சைக்கிள் ஹெட்டுக்குச் சரிப்படலாம், ஆறு சிலிண்டர் நீளமுள்ள வார்ப்பிரும்புக்கு அது விளையாட்டு.

ஆக, நானும் பட்டறைக்குப் போனேன். ஆனால் ஹெட்டை மொத்தமாக ஒப்படைத்துவிட்டு வராமல் மூன்று வேலைகளை மட்டும் எழுதிக் கொடுத்தேன்: அழுத்தச் சோதனை, ஆட்டமுள்ள இரண்டு கைடுகளுக்குப் புதுக் குழாய், தேவையான அளவுக்கு மட்டும் ஃபேசிங். கைடு மாற்றினால் சீட்டின் மையமும் நகரும் என்பதால் அந்த இரண்டு சீட்டுகளையும் அங்கேயே இயந்திரத்தில் வெட்டச் சொல்லிவிட்டேன். காற்றின்மேல் மிதந்து தானே மையம் தேடிக்கொள்ளும் தலையுள்ள இயந்திரம் அது, மூன்று கோணங்களையும் ஒரே வெட்டில் எடுத்துவிடுகிறது. அதன் வேலையோடு என் கைக்கட்டரின் வேலையை அருகருகே வைத்து மை பூசிப் பார்த்தேன். கோட்டின் முழுமையில் வேறுபாடு இல்லை, பரப்பின் வழுவழுப்பில் இயந்திரத்தின் கை மேலோங்கியிருந்தது. இந்தச் சிறு வேலைகளுக்கு வரிசையில் நிற்கவேண்டிய நேரமும் குறைந்தது. கழற்றிச் சுத்தம் செய்த வெறும் ஹெட் வந்தால் பட்டறைக்காரருக்கும் அது இடைவேளையில் முடிக்கும் வேலையாகிவிடுகிறது.

வேலையின் வரிசை முக்கியம். ஃபேசிங்கை முடித்துவிட்டே சீட் வெட்ட வேண்டும். அடிப்பரப்பில் 0.15 மி.மீ. எடுத்தால் வால்வின் பதிவும் அவ்வளவு குறைகிறது. வெட்டுவதற்கான இடம் அந்த அளவுக்குத் திரும்பக் கிடைக்கிறது. முதலில் சீட்டை வெட்டிவிட்டுப் பிறகு ஃபேசிங்குக்குக் கொடுப்பவர்கள் இரு முனையிலும் கணக்கைத் தவறவிடுகிறார்கள். இன்ஜெக்டர்களின் மூக்கு அடிப்பரப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் அவற்றை ஃபேசிங்குக்கு முன் மட்டுமல்ல, ஹெட்டைத் தரையில் வைப்பதற்கு முன்பே கழற்றிவிட வேண்டும்.

ஏற்றும் வேலைக்குப் பெட்டியில் எதுவும் இல்லை, இருக்கும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. ஆனால் வீட்டில் ஹெட் வேலை செய்யப்போகிறவர் பெட்டியின் விலையோடு நல்ல டார்க் ரெஞ்சின் விலையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். இந்த இன்ஜினில் 26 ஹெட் போல்ட்டுகள். நடுவிலிருந்து வெளிநோக்கிப் போகும் வரிசைப்படி எல்லாவற்றையும் 90 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி, பிறகு நீளப் போல்ட்டுகளை மட்டும் 120க்கு இறுக்கி, இறுதியில் எல்லாவற்றையும் மேலும் கால் சுற்று திருப்ப வேண்டும். கால் சுற்றுக்குப் போல்ட்டின் தலையில் பெயின்ட் பொட்டு வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. குழாயை மாட்டி “கைக்கணக்கில்” இறுக்கும் வழக்கத்தால் கேஸ்கட் போன வண்டிகளை நாமக்கல் புறவழிச்சாலையில் எந்த நாளும் பார்க்கலாம். டேப்பட் இடைவெளி (வால்வுத் தண்டின் தலைக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் இடையே விடுவது), இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, இன்டேக்குக்கு 0.25 மி.மீ., எக்சாஸ்டுக்கு 0.51 மி.மீ. முதல் சிலிண்டரைக் கம்ப்ரஷன் டாப்பில் (அழுத்த முடிவில் பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை) நிறுத்தி 1, 2, 4 இன்டேக்கும் 1, 3, 5 எக்சாஸ்டும் வைத்து, ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டு மீதி ஆறையும் வைத்தால் முடிந்தது. புதிதாக வெட்டிய சீட்டில் வால்வு இன்னும் சற்று அமரும், அமர்ந்தால் இடைவெளி குறையும். ஆகையால் ஒரு நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு டேப்பட்டை மறுபடி பார்ப்பது கட்டாயம்.

எந்த வண்டிக்கு இது பொருந்தும் என்று கேட்போருக்கு: சிலிண்டருக்கு இரண்டு வால்வு உள்ள பழைய இன்ஜின்களுக்கு இது நன்றாகவே பொருந்தும். டைம்லர் பென்ஸ் காலத்து வழியில் வந்த 97 மி.மீ. போர், 128 மி.மீ. ஸ்ட்ரோக் கொண்ட டாடா 697 இன்ஜினுக்கும் கட்டரின் விட்டம் போதும். தண்டுக்கு ஏற்ற பைலட் இருக்கிறதா என்று மட்டும் அளந்து பார்த்துக்கொள்ள வேண்டும். 2017 ஏப்ரலில் நாடு முழுதும் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 4, 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 ஆகிய விதிகளுக்கு ஏற்ப வந்த, சிலிண்டருக்கு நான்கு வால்வுள்ள இன்ஜின்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றின் சீட்டுகள் சிறியவை, நெருக்கமானவை. பக்கத்துச் சீட்டைக் கட்டரின் விளிம்பு தொடாமல் சுற்றுவதே கடினம். திருச்செங்கோட்டுப் போர்வெல் ரிக் வண்டிகளில் கம்ப்ரஸரை ஓட்டும் பெரிய இன்ஜின்களுக்கோ பெட்டியிலுள்ள மிகப் பெரிய தலைகூட எட்டாது.

ஒரே ஒரு லாரி வைத்திருப்பவர் தனக்கென்று இதை வாங்குவது கட்டுப்படியாகாது. ஒழுங்காக ஓடும் இன்ஜினில் ஹெட் வேலை பல ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வருகிறது. எங்கள் தெருவில் லாரி வைத்திருக்கும் இரண்டு பேர் என் பெட்டியில் பங்கு சேர்ந்துகொண்டார்கள், டார்க் ரெஞ்ச் ஒருவர் வீட்டிலும் டயல் கேஜ் என்னிடமும் இருக்கிறது. நான்கைந்து வண்டி வைத்திருப்பவருக்கும், சொந்தமாக மெக்கானிக் வைத்திருப்பவருக்கும் தனியே வாங்குவது பொருந்தும். மைக்ரோமீட்டரும் ஃபீலர் கேஜும் இல்லாதவர் பெட்டிக்கு ஒதுக்கிய பணத்தை முதலில் அவற்றில் செலவழிக்கலாம்.

மாற்றுப் பிளேடுகள் தனித்தனியாகக் கிடைக்கின்றன. கேட்டதும் விற்பனையாளர் அனுப்பிவிட்டார், பழையதோடு அளவும் ஒத்துப்போனது. பிளேடை மாற்றும்போது எல்லாப் பிளேடுகளும் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா என்று சமதளப் பலகையில் தலையை வைத்துப் பார்த்துவிட்டே இறுக்க வேண்டும்; ஒன்று தூக்கி நின்றாலும் அது மட்டுமே வெட்டும். பிளேடைப் பிடிக்கும் சிறு திருகாணிகளை மட்டும் விற்பனையாளர் தருவதில்லை. பெட்டியில் வந்தவை மென்மையான இரும்பு, எல் சாவியின் பள்ளம் சீக்கிரம் மழுங்கிவிடுகிறது. ஒன்றை மாதிரிக்குக் கொண்டுபோய்க் காட்டினால் எந்த போல்ட் நட்டுக் கடையிலும் அதே புரியில் உறுதியான திருகாணி கிடைக்கும், மொத்தத்தையும் வாங்கிய அன்றே மாற்றிவிடலாம்.